பங்குக் கிணறும் பக்கத்து வளவுக் குழாய்க் கிணறும்: தீவகத்தில் நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்?

வடலிவளவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், வேலணைத் தீவின் தென்கரைப் பக்கம் அம்மாவோடு இருக்கிறேன். எங்கள் வளவின் மூலையில் ஒரு பங்குக் கிணறு உண்டு. அம்மம்மாவின் சீதன உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்) "கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழி வாய்க்காலும்" என்று எழுதியிருக்கிறது. மற்ற மூன்று பங்கில் ஒன்று யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருக்கும் சித்தப்பா குடும்பத்துக்கு. மற்ற இரண்டு பங்காளிகளும் தொண்ணூறாம் ஆண்டு இடப்பெயர்வோடு வெளிக்கிட்டு, பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிறார்கள்.

கிணறு ஆழமில்லை. முருகைக்கல் கட்டு, அடியில் சுண்ணக்கல் பாறை, கப்பியும் கயிறும்தான். மழைக்குப் பிறகு கையால் எட்டி அள்ளும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். ஆனி, ஆடியில் வற்றினாலும் குடிக்க முடியாத சவர் (உப்புத் தன்மை) என்று ஒருநாளும் இருந்ததில்லை.

பக்கத்துக் காணி கைமாறியது. வாங்கியவர் குழாய்க் கிணறு அடித்து, மின்சார மோட்டார் பூட்டி, பெரிய தாங்கி கட்டினார். முதலில் வீட்டுத் தேவைக்கு என்றார். இப்போது காலையில் பவுசர் (தண்ணீர் வண்டி) வந்து நிரப்பிக்கொண்டு போகிறது. இந்தப் பங்குனியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் பால் திரைகிறது. பருப்பு அவியவில்லை. அம்மா கோயிற் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுவருகிறார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

காணி வாங்கிய அயலவரிடம் போய்க் கேட்டேன். "என் காணி, என் கிணறு, மின்சாரக் கட்டணமும் நான்தான் கட்டுகிறேன்" என்றார். கிராம சேவையாளர் இருவரும் பேசித் தீருங்கள் என்கிறார். எனக்கு இரண்டு கேள்விகள். எங்கள் கிணறு சவரானதற்கு அந்த மோட்டார்தான் காரணமா? அப்படியென்றால் உறுதியில் எழுதிய எங்கள் நாலில் ஒரு பங்கு எதன் பங்கு?

---

ஆடுகால்

பிள்ளை, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. கிணற்றுப் பங்கு எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டக் கிணற்றில் ஆறு பங்கு. புகையிலைக்கும் மிளகாய்க்கும் இறைப்பு. இன்று ஒருவர் முறை, நாளை மற்றவர் முறை. துலாவில் (ஏற்ற மரத்தில்) ஒருவர் ஏறி முன்னும் பின்னும் மிதிப்பார், கிணற்று வாயில் ஒருவர் பட்டையை (இறைகூடையை) பிடித்துக் கவிழ்ப்பார், வாய்க்காலில் ஒருவர் மண்வெட்டியோடு பாத்தி மாற்றுவார். மூன்று ஆள் விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் கிணறு அடி காணாது. பட்டை அடிக்கல்லில் முட்டினால் "ஊற விடுங்கோ" என்று பெரியவர் சத்தம் வைப்பார். அவ்வளவுதான், அன்றைய இறைப்பு முடிந்தது. எவருடைய முறையாக இருந்தாலும் சரி.

மண்ணெண்ணெய் இயந்திரம் வந்த பிறகு அந்தச் சத்தத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. மூன்று ஆள் செய்த வேலையை ஒருவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மேற்பார்த்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் எண்ணெய் கிடைக்காதபோது பல ஊர்களில் துலாவைத் திரும்ப நட்டார்கள். அப்போது துலா மிதிக்கத் தெரிந்த இளவட்டங்கள் ஊரில் குறைவு.

இறைக்கிறவனுக்குக் களைப்பு வந்தால் கிணற்றுக்கு ஓய்வு. மோட்டாருக்குக் களைப்பு வராது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: எப்போது நிறுத்துவது என்று உங்களுக்கு யார் சொல்கிறார்?

---

சுண்ணக்கல்

நீரியல் படித்து, அந்தத் துறையில் வேலை செய்தவன் என்ற முறையில் முதற் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் முதல். அந்த மழை மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும், தென்கரை ஓரமாக இருக்கும் மணற்திட்டிகளிலும் இறங்கித் தங்குகிறது. கீழே நாலா பக்கமும் கடல்நீர். நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது, அதனால் அதன் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்து, கரையோரம் மெலிந்த வில்லை வடிவம். நன்னீர் வில்லை என்றே சொல்கிறோம்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தரான பாடன் கைபன், பிறகு 1901 இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் இருவரும் தனித்தனியே கண்டது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்க நல்ல செய்தி. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மோட்டார் இழுத்து நீர்மட்டத்தை அரை அடி நிரந்தரமாக இறக்கினால், கீழிருந்து உப்பு 20 அடி ஏறிவரத் தொடங்கும். இழுக்கும் குழாயின் நேர் கீழே அது கூம்புபோல எழும்பும். நடைமுறையில் நன்னீரும் உப்புநீரும் கோடு போட்டதுபோலப் பிரிந்து நிற்பதில்லை. இடையில் ஒரு கலப்பு வலயம் இருக்கிறது. வேலணை, புங்குடுதீவு போன்ற ஒடுங்கிய தீவுகளில், வெடிப்பு நிறைந்த கல்லில், அந்த வலயம் தடிப்பாக இருக்கும். ஆகவே 40 அடி என்பதை நம்பித் துளைப்பவர் உப்பைத்தான் சந்திப்பார்.

புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர், ஒரே கிணறு.

எங்கள் தீவுகளில் கிணறு ஆழமாக வெட்டப்படாததற்கு இதுதான் காரணம். அகலமான, ஆழமற்ற கிணறு வில்லையின் மேற்பகுதியை மட்டும் பரவலாக வழித்தெடுக்கிறது. குழாய்க் கிணறு ஒரு புள்ளியில், ஆழத்தில் இருந்து உறிஞ்சுகிறது.

இனி உங்கள் கிணறு. பக்கத்து மோட்டாரைச் சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. ஆனாலும் அளக்காமல் குற்றம் சாட்டாதீர்கள். சென்ற பருவத்து மழை குறைந்திருந்தாலும் சவர் ஏறும். அருகில் மணல் அள்ளியிருந்தாலும் ஏறும். செய்ய வேண்டியது இது: கிணற்றுக் கட்டில் ஒரு இடத்தில் நிறத்தால் அடையாளம் வையுங்கள். அங்கிருந்து நூலில் பாரம் கட்டி விட்டு, நீர்மட்டம் எவ்வளவு கீழே என்று காலையில், மோட்டார் தொடங்கும் முன், அளந்து எழுதுங்கள். பவுசர் நிரப்பி முடிந்ததும் ஒருமுறை. மாலையில் ஒருமுறை. தண்ணீரில் உப்பு ஏறினால் மின்கடத்துதிறனும் ஏறும். அதை அளக்கும் பேனா அளவுக் கருவி கடைகளில் கிடைக்கிறது, அதன் அளவையும் பக்கத்தில் எழுதுங்கள். மோட்டார் ஓடும் நாளுக்கும் ஓடாத நாளுக்கும் வேறுபாடு தெரிந்தால், அந்தக் கொப்பிதான் உங்கள் சாட்சி.

---

ரொறன்ரோத் தீவான்

இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் ஊர்ச் சங்கம் பணம் சேர்த்து ஒரு சவ்வூடு வடிகட்டல் இயந்திரம் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. உப்புத் தண்ணீரையே குடிநீர் ஆக்கலாம். யாரோடும் சண்டை வேண்டாம்.

---

குறிகட்டுவான் காத்திருப்பு

நெடுந்தீவில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் அந்த இயந்திரம் இருக்கிறது, அதை வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். அது வருவதற்கு முன் குடம் தண்ணீருக்காக எவ்வளவு நேரம் நின்றோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் சங்கம் பணம் கொடுப்பதோடு கதை முடியாது. வடிகட்டி பழுதானால் உதிரிப்பாகம் படகில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. வடிகட்டிய பிறகு மிஞ்சும் கடும் உப்புநீரை எங்கே விடுவது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். தரையில் விட்டால் அது திரும்பவும் அதே நிலத்துக்குள்தான் இறங்கும்.

எங்கள் தீவில் சாராப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர். தீவு பெரியது, நல்ல தண்ணீர் ஊறும் நிலமோ சின்னது. அந்த நிலத்தை இழந்தால் எந்த இயந்திரத்தாலும் ஈடுகட்ட முடியாது.

---

உறுதி வாசிப்பவன்

இரண்டாவது கேள்விக்கு, சட்டத்தில் ஓரளவு பழக்கம் உள்ளவன் என்ற முறையில். இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்) ஒருவரிடமோ சட்டத்தரணியிடமோ உறுதியைக் காட்டுங்கள்.

முதலில் உங்கள் பங்கு. கிணறு பிரிபடாத சொத்து. காணியைப் பிரித்துக் கொடுக்கும்போதும் கிணற்றையும் வழி வாய்க்காலையும் பொதுவில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிரான்சில் இருப்பவர் முப்பது ஆண்டுகளாக ஒரு வாளி அள்ளவில்லை என்பதற்காக அவர் பங்கு போய்விடாது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் மற்றவரை வெளிப்படையாக மறுத்து வெளியேற்றினால் ஒழிய, வெறும் அனுபவத்தால் அவர் பங்கைத் தனதாக்க முடியாது என்பது 1911 இல், அப்போதைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இலங்கை வழக்கு ஒன்றில் சொன்ன தீர்ப்பு. இன்றும் நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அதேபோல 1947 இன் 59 ஆம் இலக்கத் தேசவழமைச் சட்டப்படி, பங்கை வெளியாருக்கு விற்க நினைப்பவர் முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியால் எழுத்தில் தொகுக்கப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே பங்காளிக்கு முதலுரிமை என்ற வழக்கம் இருந்தது.

இனி கசப்பான பகுதி. அந்தப் பங்கெல்லாம் கிணறு என்ற கட்டுமானத்தின் மீது, அதில் அள்ளும் உரிமையின் மீது. பாறைக்குள் ஊர்ந்து வரும் நீரின் மீது யாருக்கும் உறுதி இல்லை. எங்கள் பொதுச் சட்டமான ரோமன்-ஒல்லாந்தச் சட்டத்தின் பழைய போக்கு, நிலத்துக்குச் சொந்தக்காரன் தன் நிலத்தின் கீழ் ஊறுவதை எடுக்கலாம் என்பதே. இந்தக் கொள்கை உருவான காலத்தில் கிணற்றை இறைத்தவை மனிதக் கையும் மாடும். உப்பு மேலே ஏறும் தீவைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

அதனால் உங்கள் அயலவர் "என் காணி, என் கிணறு" என்று சொல்வதைப் பழைய சட்டத்தின் குரல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தேவைக்கு அள்ளுவது ஒன்று, பவுசரில் விற்பது வேறொன்று. விற்பனை என்று வந்ததும் பிரதேச சபை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், 1964 இன் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நீர்வள சபை ஆகியோரிடம் போக வழி இருக்கிறது. எழுத்தில் போங்கள்.

---

தெற்குவெளி

இந்த இழையை வாசித்துக்கொண்டு வந்தேன். துலா, முறை, பங்கு என்று எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். என் பாட்டியின் பெயர் எந்த உறுதியில் இருந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

எங்கள் ஆட்களுக்குப் பங்கு இல்லை. பங்கு மட்டுமல்ல, கயிறு தொடவும் உரிமை இல்லை. குடத்தோடு கிணற்றடிக்கு வெளியே நிற்பார்கள். பங்காளி வீட்டில் யாராவது மனம் வைத்து வந்து அள்ளி, உயரத்தில் இருந்து குடத்தில் ஊற்றுவார்கள். குடத்தில் வாளி பட்டுவிடக் கூடாது. மனம் வைக்காத நாளில் வெயில் ஏறும்வரை நிற்பதுதான். இல்லாவிட்டால் மாடு குளிக்கும் துரவில் (சிறு நீர்நிலையில்) அள்ளிப் போவது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, பொதுக் கிணற்றில் தடுத்தால் குற்றம் என்றது. தனியார் கிணறு, பங்குக் கிணறு என்று சொல்லி அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தால் போனவர்கள் எத்தனை பேர்!

நான் வெளிநாட்டில் உழைத்து முதலில் செய்த காரியம், வீட்டில் ஒரு குழாய்க் கிணறு அடித்து மோட்டார் பூட்டியது. அம்மா குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். இந்த மோட்டாரைத் தீவுக்கு வந்த கேடு என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

ஆடுகால்

தெற்குவெளி எழுதியது உண்மை. எங்கள் கிணற்றடியிலும் அப்படித்தான் நடந்தது. முறை தவறாத நியாயம் பங்காளிகளுக்குள் மட்டும் இருந்தது.

---

வடலிவளவு

தெற்குவெளி அவர்களுக்கு: நீங்கள் எழுதிய பிறகு உறுதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நாலு பங்கும் ஒரே சாதியார்தான். எங்கள் வீட்டுக்கு மேற்கே இருக்கும் குடும்பங்கள் இன்றும் சபைக் குழாயில்தான் தண்ணீர் எடுக்கின்றன, இரண்டு நாளுக்கு ஒருமுறை. அவர்களுக்குக் கிணறு இல்லாதது தற்செயல் அல்ல. நல்ல தண்ணீர் ஊறும் மணற்காணிகள் யாரிடம் இருந்தன, சவர் நிலம் யாரிடம் இருந்தது என்று ஊர் வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தால் எல்லாம் தெரிகிறது.

ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் அம்மாவின் குழாயும் இதே வில்லையில் இருந்துதான் வருகிறது. பவுசர்க்காரரின் மோட்டார் ஓட ஓட முதலில் சவராகப் போவது என் கிணறு, பிறகு உங்கள் குழாய். காசு உள்ளவர் இன்னும் ஆழமாகத் துளைப்பார் அல்லது போத்தல் தண்ணீர் வாங்குவார். மேற்கே இருக்கும் அந்தக் குடும்பங்களுக்கு இரண்டும் முடியாது. பழைய பங்கில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: எவ்வளவு எடுக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதைத் தனி ஒருவர் தீர்மானிக்கவில்லை. பங்காளி யார் என்பதை மாற்றிவிட்டு அந்த ஒழுங்கை வைத்திருக்க முடியாதா?

---

தெற்குவெளி

முடியும், நீங்கள் உங்கள் கிணற்றில் இருந்து தொடங்கினால். பொது ஒழுங்கு என்று கூட்டம் கூடும்போது மேசையில் இருப்பவர்கள் மறுபடியும் உறுதி வைத்திருப்பவர்கள் மட்டும் என்றால் நான் வரமாட்டேன்.

என் மோட்டாரில் ஓடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பூட்டச் சம்மதம். பவுசருக்கு நான் விற்கவில்லை, விற்கவும் மாட்டேன்.

---

பாம்பன் காற்று

ராமேஸ்வரத்தில் இருந்து. உங்கள் தீவகமும் எங்கள் தீவும் ஒரே கடலின் இரு பக்கம், அதனால் எழுதத் தோன்றியது.

எங்கள் பக்கத்தில் தனுஷ்கோடியில் கடல் அலை அடிக்கும் தூரத்திலேயே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். 1964 டிசம்பர்ப் புயலில் ஊரே அழிந்த பிறகும் அங்கே குடிசை போட்டுத் தங்கிய மீனவர்கள் அந்த ஊற்றை நம்பித்தான் இருந்தார்கள். பெண்கள் குழிக்குள் இறங்கி, ஊறும் தண்ணீர் கலங்காமல் சிரட்டையால் மொண்டு குடத்தில் விடுவார்கள். வேகமாக மொண்டால் உப்புக் கரிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சுண்ணக்கல் சொன்ன கணக்கை அந்தப் பெண்கள் கையாலேயே அறிந்திருக்கிறார்கள்.

ஊருக்குள் நிலைமை வேறு. யாத்திரிகர் கூட்டம், தங்கும் விடுதிகள், ஒவ்வொன்றிலும் ஆழ்துளைக் கிணறு. இப்போது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது, அது வராத நாளில் லாரித் தண்ணீர். எங்கள் சட்டமும் உங்கள் சட்டத்தின் உறவுக்காரன்தான். 1882 இன் இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரை நிலத்தின் சொந்தக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்காட்டோடு சொல்கிறது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2003 இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2013 இல் அதை நீக்கிவிட்டார்கள். அதே 2003 இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அது ஓரளவு வேலை செய்தது. எடுப்பதைக் கட்டுப்படுத்துவதைவிடச் சேர்ப்பதைச் சொல்வது அரசியலுக்கு எளிது என்பது என் கருத்து. தீவுக்கு இரண்டும் வேண்டும்.

---

ரொறன்ரோத் தீவான்

எல்லோருடைய பதிலையும் வாசித்தேன். எங்கள் ஊரில் வெளிநாட்டுக்காரர் கட்டும் வீடுகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் எங்கும் மாடி வீடுகள். திருவிழாவுக்கு வருகிறோம், மூன்று கிழமை நிற்கிறோம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு குளியலறை, முற்றத்தில் புல், அதற்கு நாளும் தண்ணீர். மலசலகூடக் குழியும் அதே வளவில். ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வளவில் மழைநீர் ஓடி முன்னால் வீதிக்குப் போகிறது, ஏனென்றால் முற்றம் முழுவதும் கல் பதித்துவிட்டோம்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன். சுண்ணக்கல் அவர்களே, பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எதற்குச் செலவழிப்பது?

---

சுண்ணக்கல்

முதலில் குளத்துக்கும் கேணிக்கும் துரவுக்கும். குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்தன. அவற்றில் பல இன்று குப்பை மேடு, சில காணியாகிவிட்டன. வயலுக்குப் பாய்ச்ச வெட்டப்பட்டவையும் உண்டு. மழையை மறித்து வைத்து மெல்ல நிலத்துக்குள் இறக்குவதுதான் மற்றவற்றின் பெரிய வேலை. பக்கத்தில் ஆவுரோஞ்சிக்கல் (மாடு உடம்பைத் தேய்க்கும் கல்) நிற்கும் ஒரு துரவைப் பார்த்தால், அது மாட்டுக்கு மட்டும் வெட்டியது என்று நினைக்காதீர்கள். அந்தச் சுற்றாடல் கிணறுகள் ஆடி வரை நின்றதற்கு அந்தத் துரவும் காரணம். தூர்வாருங்கள், ஆனால் அடிப்பாறையை இயந்திரத்தால் உடைத்து ஆழமாக்காதீர்கள். ஆழமாக்கிய குளத்தில் உப்பு ஊறிய இடங்கள் உண்டு.

அடுத்தது மணற்திட்டி. அல்லைப்பிட்டி, மண்கும்பான், சாட்டிப் பக்கத்து மணல்தான் தீவகத்தின் இயற்கைத் தாங்கி. அங்கே இருந்து எடுக்கும் தண்ணீரைத்தான் அயல் ஊர்களுக்கும் கொண்டுபோகிறார்கள். வீடு கட்ட அந்த மணலை அள்ளி விற்பது தாங்கியை உடைத்துச் செங்கல்லாக விற்பதற்குச் சமம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு கூரைக்கும் ஒரு மழைநீர்த் தாங்கி, குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கிணற்று நீர் குளிக்கவும் தோயவும் போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அதன்பின் வருவதைச் சேருங்கள்.

மலசலகூடக் குழி பற்றி ரொறன்ரோத் தீவான் சரியாகச் சொன்னார். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி என்று வழக்கமாகச் சொல்வார்கள். வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல்லில் 50 அடி பாதுகாப்பு என்று நான் நம்பவில்லை, அடைத்த தொட்டி வேண்டும். உரம் கொட்டும் தோட்டங்களாலும் குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது பல ஆய்வுகளில் வெளிவந்த செய்தி. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை. நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள், கொதிக்க வைப்பதால் அது போகாது.

யாழ்ப்பாணத்தின் கிழக்குக் கரையில், தாளையடியில் 2024 இல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் திறன். குழாய்த் தண்ணீர் வரும்போது கிணற்றில் இருந்து எடுப்பது குறையலாம். கூடவே ஒரு பயமும் இருக்கிறது. வாசலில் குழாய் வந்ததும் கிணற்றை மூடிக் குப்பை போடும் பழக்கம் தொடங்கிவிட்டால், அடுத்த வறட்சியில் நமக்குத் தோள் கொடுக்க ஒன்றும் இருக்காது.

பவுசர் விடயத்தில் நடைமுறைத் தீர்வு ஒன்று சொல்கிறேன். குழாய்க் கிணற்றை நிறுத்திவிட்டு, அதே காணியில் ஆழமற்ற அகலக் கிணறு ஒன்று, வேண்டுமானால் இரண்டு, இடைவெளி விட்டு வெட்டலாம். சிறிய மோட்டார், குறைந்த நேரம், இடையில் ஊற விடுவது. கடத்துதிறன் குறித்த அளவைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்துவது. அந்த அளவு என்ன என்பதை அயல் முழுவதும் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

---

உறுதி வாசிப்பவன்

அப்படி ஓர் உடன்பாடு வந்தால் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். கிணற்றின் இருப்பிடம், மோட்டார் ஓடும் நேரம், அளவு எடுப்பவர் யார், மீறினால் என்ன என்று எழுதி, நொத்தாரிசு முன் கையொப்பமிடுங்கள். நாளை காணி மறுபடி கைமாறினால் புதிய சொந்தக்காரரையும் அது கட்டுப்படுத்த வேண்டுமென்றால் காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும்.

வெளிநாட்டுப் பங்காளிகளிடம் அற்றோர்ணித் தத்துவம் (அவர்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) வாங்கி வைப்பது நல்லது. தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு நாள் எடுக்கும், இப்போதே தொடங்குங்கள்.

---

வடலிவளவு

நடந்ததைச் சொல்கிறேன். கட்டில் சிவப்பு அடையாளம் வைத்து அளக்கத் தொடங்கினேன். பவுசர் வரும் நாளில் நூலில் நனைந்த இடம் கீழே போவது கண்ணுக்கே தெரிகிறது. மாலையில் திரும்ப ஏறுகிறது, பழைய இடத்துக்கு வருவதில்லை. போயா (பௌர்ணமி) விடுமுறை நாளில் பவுசர் வரவில்லை, அன்றைக்கு மட்டம் அசையவில்லை. கடத்துதிறனும் அதோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது.

கொப்பியை எடுத்துக்கொண்டு அயலவரிடம் போனேன். இம்முறை கதவருகே நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டார். தன் குழாய்த் தண்ணீரும் முன்பு போல இல்லை, பவுசர்க்காரர் விலை குறைத்துக் கேட்கிறார் என்றார். கட்டிய தாங்கிக்கு வங்கிக் கடன் இருக்கிறது, அதனால் உடனே நிறுத்த முடியாது என்றும் சொன்னார். தன் கிணற்றிலும் அளக்கச் சம்மதித்தார். நேரக் கட்டுப்பாட்டுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

பங்காளிகளில் பிரான்சுக்காரர் ஆம் என்றுவிட்டார். மேற்கே இருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் கிணற்றில் அள்ளும் உரிமையை எழுத்தில் கொடுப்பதற்குத்தான் கேட்டேன். சித்தப்பா "கொடுக்கலாம், எழுத வேண்டாம்" என்கிறார். எழுதாமல் கொடுத்தால் அது மறுபடியும் மனம் வைத்து ஊற்றுவதாகத்தான் இருக்கும் என்று அவருக்குச் சொன்னேன். கனடாவில் இருந்து இன்னும் பதில் இல்லை.

பிரதேச சபைக்குக் கொடுக்கும் கடிதத்தில் அளவுப் பட்டியலை இணைக்க வேண்டுமா, அல்லது கேட்டால் காட்டலாமா?

---

உறுதி வாசிப்பவன்

இணையுங்கள். மூலக் கொப்பியை உங்களிடம் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடுங்கள். கடிதத்தை இரண்டு படியாக எடுத்துச் சென்று, உங்கள் படியில் கிடைத்த திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். நீர்வள சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதி அனுப்பியதாகக் கடிதத்தின் அடியிலேயே குறிப்பிடுங்கள்.

---

தெற்குவெளி

சித்தப்பாவிடம் நான் பேசலாமா? இலக்கத்தைத் தனிமடலில் அனுப்புங்கள். கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள், என் கிணற்று அளவையும் கொண்டுவருகிறேன். மேற்கே இருப்பவர்களில் குறைந்தது இரண்டு பேர் மேசையில் இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை முடிந்து வரக்கூடிய நேரமாகப் பாருங்கள், ஞாயிறு மாலை என்றால் நல்லது.